ஒரு கடிக்கு ஓர் அணா கொடுத்த டாக்டர்

ஒரு கொசுக்கடிக்கு ஓர் அணா கூலி!

இப்படியும் ஒரு வேலை உண்டா என்று கேட்பீர்கள். உண்டு. 1897-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் 16-ந் தேதி சிகந்தராபாத்தில் அந்த வேலை நடந்தது. கூலி கொடுத்தவர் வெள்ளைக்கார ராணுவ டாக்டர் ஒருவர். வாங்கியவர் உசேன் கான் என்னும் மலேரியா நோயாளி.

உசேன் கானைக் கட்டிலில் படுக்க வைத்தார்கள். கட்டிலைச் சுற்றிக் கொசுவலை கட்டினார்கள். கொசு உள்ளே வராமல் இருக்க வலை கட்டுவது உலக வழக்கம். இங்கே, உள்ளே விட்ட கொசு வெளியே போகாமல் இருக்க வலை கட்டினார்கள்! கொசுக்கள் வயிறு புடைக்கக் குடித்தன. உசேன் கானுக்கு எட்டு அணா கிடைத்தது.

அந்த எட்டு அணாச் செலவில் உலகத்தின் பெரிய மர்மங்களில் ஒன்று அவிழ்ந்தது.

டாக்டரின் பெயர் ரொனால்டு ராஸ். மலேரியாக் கிருமி கொசுவின் உடலில் வளர்கிறது என்று கண்டுபிடித்தவர். 1902-ஆம் ஆண்டில் மருத்துவத்துக்கான நோபல் பரிசு பெற்றவர். இவ்வளவும் பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கே தெரியும். ஆனால் அதற்கு முன்னால் இரண்டு ஆண்டுக் காலம் அவர் தோல்விமேல் தோல்வி கண்டது ஏன் என்பது பலருக்குத் தெரியாது. காரணம் மிகச் சிறியது. கொசுவில் பல ஜாதி உண்டு. எது எந்த ஜாதி என்று பிரித்துக் காட்ட அவருக்கு ஆள் இல்லை, புத்தகமும் இல்லை.

படம் வரையும் பையன்

ராஸ் பிறந்தது நம் நாட்டில்தான். இமயமலைச் சாரலில் உள்ள அல்மோராவில் 1857-ஆம் ஆண்டு மே 13-ந் தேதி பிறந்தார். பத்துக் குழந்தைகளில் மூத்தவர். தகப்பனார் இந்திய ராணுவத்தில் பெரிய அதிகாரி. எட்டு வயதில் பையனைப் படிப்பதற்காக இங்கிலாந்துக்கு அனுப்பிவிட்டார்கள்.

பையனுக்குக் கவிதை பிடிக்கும், சங்கீதம் பிடிக்கும், கணக்கும் பிடிக்கும். எல்லாவற்றுக்கும் மேலாகப் படம் வரையப் பிடிக்கும். பதினாறு வயதில் சித்திரப் பரீட்சை ஒன்றில் முதலாவதாகத் தேறினார். மகன் டாக்டராக வேண்டும் என்பது தகப்பனாரின் ஆசை. மகனுக்கு அதில் நாட்டமே இல்லை. இருந்தாலும் தகப்பன் சொல்லைத் தட்டாமல் லண்டனில் உள்ள செயின்ட் பார்த்தலோமியு ஆஸ்பத்திரியில் சேர்ந்து படித்தார். தட்டுத் தடுமாறித் தேறினார். 1881-ஆம் ஆண்டில் இந்திய மருத்துவ சர்வீஸில் சேர்ந்து, சென்னை மாகாணத்துக்கு வந்து சேர்ந்தார்.

முதல் ஆண்டுகளில் அவர் மலேரியாவைப் பற்றிப் பெரிதாக நினைக்கவில்லை. நாவல் எழுதினார், கணக்குப் போட்டார், குதிரை ஏறினார். ஆனால் 1883-ஆம் ஆண்டில் பெங்களூரில் இருந்தபோது ஒரு சிறு சம்பவம் நடந்தது. அவர் வீட்டில் கொசுத் தொல்லை தாங்க முடியவில்லை. தேடிப் பார்த்தார். வீட்டருகே இருந்த தண்ணீர்த் தொட்டியில் கொசுப் புழுக்கள் நெளிந்தன. தண்ணீரைக் கவிழ்த்தார். கொசு குறைந்தது. தண்ணீரில் கொசு பிறக்கிறது, தண்ணீரைக் கொட்டினால் கொசு ஒழியும் என்னும் பாடத்தை அன்று கற்றார். அந்தப் பாடம் பதினான்கு ஆண்டுகளுக்குப் பிறகு அவருக்கு உதவியது.

லண்டனில் கிடைத்த குரு

மலேரியாக் கிருமியை முதலில் கண்டவர் லாவரான் என்னும் பிரெஞ்சு ராணுவ டாக்டர். அல்ஜீரியா நாட்டில் 1880-ஆம் ஆண்டில், காய்ச்சல்காரர் ஒருவரின் ரத்தத்தில் அதைக் கண்டார். ராஸ் இதை முதலில் நம்பவில்லை. இந்தியாவில் எத்தனையோ பேருடைய ரத்தத்தைச் சோதித்தும் அவர் கண்ணுக்கு அது தட்டுப்படவில்லை.

1894-ஆம் ஆண்டில் விடுமுறையில் லண்டன் போனபோது, பாட்ரிக் மான்ஸன் என்னும் டாக்டர் மைக்ராஸ்கோப்பில் அந்தக் கிருமியைக் காட்டிக் கொடுத்தார். மான்ஸன் லேசுப்பட்டவர் அல்லர். யானைக்கால் நோயின் புழு கொசுவின் வயிற்றில் வளர்வதை 1877-ஆம் ஆண்டிலேயே சீனாவில் கண்டவர். மலேரியாக் கிருமியும் கொசுவுக்குள் போகலாம் என்பது அவருடைய ஊகம். ஊகத்தை மெய்ப்பிக்க இந்தியாவைப் போல ஏற்ற இடம் ஏது? அந்த வேலையை ராஸிடம் ஒப்படைத்தார்.

1895-ஆம் ஆண்டில் ராஸ் சிகந்தராபாத் வந்து சேர்ந்தார். அன்றிலிருந்து மான்ஸனுக்குக் கடிதம் மேல் கடிதம் எழுதினார். நூற்றுக்கு மேற்பட்ட கடிதங்கள். அவற்றில் தாம் கண்டதைப் படமாகவும் வரைந்து அனுப்பினார்.

எல்லாம் கொசுதானே?

ராஸ் கொசுக்களை நோயாளிகளைக் கடிக்கவிட்டார். பிறகு கொசுவை அறுத்துப் பார்த்தார். ஒரு நாள் அல்ல, ஒரு மாதம் அல்ல, இரண்டு ஆண்டுகள்! நடுவே காலரா வேலைக்காகப் பெங்களூருக்கு மாற்றினார்கள். அங்கும் விடவில்லை. கொசுவின் வயிற்றில் கிருமியின் ஆரம்ப நிலை தெரிந்தது. அதற்கு மேல் வளர்ச்சி இல்லை. ஒன்று, இரண்டு நாளில் கிருமி மாயமாக மறைந்துவிடும்.

எங்கே தவறு?

எக்கியார்குப்பத்தை எண்ணிப் பாருங்கள். மரக்காணம் உப்பளங்களுக்கு அருகே உள்ள கடற்கரைக் குப்பம் அது. வலையை உதறும்போதே இது மத்தி, இது கவலை, இது காரப்பொடி என்று அங்குள்ளவர் ஒரே பார்வையில் சொல்லிவிடுவார். துடுப்பு, செதில், வால் எல்லாம் அவருக்கு எழுத்துப் போல. உள்நாட்டிலிருந்து போகும் நமக்கோ எல்லாம் சின்ன மீன்தான்!

கொசு விஷயத்தில் ராஸ் அன்று நம்மைப் போலத்தான் இருந்தார். அவர் கையில் கிடைத்தவை சாதாரண வீட்டுக் கொசுக்கள். ஒன்று சாம்பல் நிறம். அதுதான் சாக்கடையில் பிறந்து இரவில் கடிக்கும் கியூலெக்ஸ். மற்றொன்று காலில் வெள்ளை வளையம் போட்ட கறுப்புக் கொசு. பகலில் கடிக்கும் ஈடிஸ் அது. மனிதனின் மலேரியாக் கிருமி இந்த இரண்டிலும் வளராது. ஆயிரம் கொசுவை அறுத்தாலும் அகப்படாது. விதை நல்ல விதைதான்; அது முளைக்கும் நிலம் வேறு எங்கோ இருந்தது.

கொசுக்களைப் பற்றிய நல்ல புத்தகம் அன்று இந்தியாவில் கிடையாது. பூச்சி சாஸ்திரம் படித்த நண்பரும் அவருக்கு இல்லை. பெயர் தெரியாத நிலையில் அவரே செல்லப் பெயர் வைத்துக்கொண்டார். சாம்பல் கொசு, வரிக் கொசு என்று நிறத்தையும் கோட்டையும் வைத்துப் பிரித்தார். சித்திரக்காரரின் கண் அங்கேதான் கைகொடுத்தது.

நீலகிரியில் கிடைத்த துப்பு

1897-ஆம் ஆண்டுக் கோடையில் ராஸ் ஊட்டிக்குப் போனார். ஊட்டி குளிர்ந்த இடம், மலேரியா இல்லை. ஆனால் மலையிலிருந்து மைசூர்ப் பக்கம் இறங்கும் சீகூர்க் கணவாய் அந்தக் காலத்தில் காய்ச்சலுக்குப் பேர் போனது. அங்குள்ள காப்பித் தோட்டங்களில் கூலிகள் கொத்துக் கொத்தாகப் படுத்துக் கிடந்தார்கள். கல்லட்டிப் பக்கம் ஆராயப் போன ராஸையும் சில நாளில் மலேரியா பிடித்துக்கொண்டது.

அந்தப் பயணத்தில் ஒரு சுவரில் அவர் ஒரு கொசுவைக் கண்டார். உருவத்தில் சிறியது. சிறகில் புள்ளி புள்ளியாக இருந்தது. அது உட்கார்ந்திருந்த விதம்தான் அவரைத் திகைக்க வைத்தது. வீட்டுக் கொசு சுவரோடு சுவராகப் படிந்து உட்காரும். இதுவோ தலையைச் சுவரில் ஊன்றி, வாலை வெளியே தூக்கிக்கொண்டு, சுவரில் சாய்வாக அடித்த ஆணி போல உட்கார்ந்திருந்தது.

சாதாரண மனிதர் அடித்துக் கொன்றுவிட்டுப் போயிருப்பார். ராஸ் மனத்தில் குறித்துக்கொண்டார். புள்ளிச் சிறகுக் கொசு என்று பெயர் வைத்தார்.

வியர்வையில் துருப்பிடித்த கருவி

ஜூன் மாதம் சிகந்தராபாத் திரும்பினார். பயங்கர வெயில். அறையில் பங்கா உண்டு. ஆனால் பங்காவை இழுத்தால், அறுத்து வைத்த கொசுவின் துண்டுகள் காற்றில் பறந்துவிடும். ஆகவே பங்காவை நிறுத்திவிட்டு வேலை செய்தார். நெற்றி வியர்வை சொட்டி மைக்ராஸ்கோப்பின் திருகுகள் துருப்பிடித்தன. கண் வைத்துப் பார்க்கும் கண்ணாடியும் கீறிப் போயிற்று.

ஆகஸ்டு நடுவில் ஆஸ்பத்திரி உதவியாளர்கள் கொண்டுவந்த புழுக்களிலிருந்து சில கொசுக்கள் வெளிவந்தன. நல்ல பழுப்பு நிறம், ஒல்லியான உடல், சிறகில் புள்ளிகள்! ராஸின் நெஞ்சு துள்ளியது. சீகூரில் கண்ட ஜாடை! இவைதான் உசேன் கானை எட்டு அணாவுக்குக் கடித்த கொசுக்கள்.

நாளுக்கு ஒன்று, இரண்டாக அறுத்தார். முதலில் ஒன்றும் இல்லை. கொசுக்கள் தீர்ந்துகொண்டே வந்தன. ஆகஸ்டு 20-ந் தேதி நண்பகல் கழிந்த நேரம். மிஞ்சியிருந்த கொசுக்களில் ஒன்றை எடுத்தார். வயிற்றுச் சுவரை அங்குலம் அங்குலமாகத் தேடினார். வட்டமாக ஒரு செல் தெரிந்தது. கொசுவின் வயிற்றில் இருக்கக் கூடாத செல். அதற்குள் கறுப்புப் பொடி. மலேரியாக் கிருமியில் இருக்கும் அதே கறுப்புப் பொடி!

மறுநாள் கடைசிக் கொசுவை அறுத்தார். அதிலும் அந்தச் செல்கள் இருந்தன. முதல் நாளைவிடப் பெரிதாக வளர்ந்திருந்தன. ஆக, அது உயிருள்ள பொருள், கொசுவுக்குள் வளர்கிறது. சந்தேகம் தீர்ந்தது. ராஸ் கவிதை எழுதி மனைவிக்கு அனுப்பினார். ஆகஸ்டு 20-ந் தேதிக்குக் கொசு நாள் என்று அவரே பெயர் வைத்தார். இன்றும் உலகம் அந்த நாளைக் கொசு தினமாக நினைவுகூர்கிறது.

இதில் வேடிக்கை என்ன தெரியுமா? அந்தக் கொசுவுக்கு அன்று சாஸ்திரப் பெயரே கிடையாது! அனோபிலிஸ் என்னும் குடும்பத்தைச் சேர்ந்தது அது. அனோபிலிஸ் ஸ்டீபென்ஸி என்று இன்று சொல்லப்படும் ஜாதி அதுதான் என்று ஆராய்ச்சியாளர் கருதுகிறார்கள். அந்தப் பெயர் சூட்டப்பட்டது 1901-ஆம் ஆண்டில்தான். உலகம் பெயர் வைப்பதற்கு நான்கு ஆண்டு முன்னதாகவே ராஸ் அதன் சிறகையும் உட்காரும் விதத்தையும் தெரிந்து வைத்திருந்தார்.

சிட்டுக்குருவி சொன்ன சாட்சி

பாதி வழிதான் தாண்டியிருந்தார். அதற்குள் சர்க்கார் அவரை ராஜபுதனத்துக்கு மாற்றிவிட்டது. அங்கே ஆராய்ச்சிக்கு வழியில்லை. மான்ஸன் லண்டனில் பலரைப் பார்த்துப் பேசி, 1898-ஆம் ஆண்டு பிப்ரவரியில் கல்கத்தாவுக்கு மாற்றல் வாங்கிக் கொடுத்தார்.

கல்கத்தாவில் மலேரியா நோயாளிகள் கிடைப்பது அரிதாக இருந்தது. ராஸ் பறவைகளின் பக்கம் திரும்பினார். சிட்டுக்குருவிக்கும் ஒரு வகை மலேரியா உண்டு. அதைப் பரப்புவது சாம்பல் கொசு. மனிதன் விஷயத்தில் அவரை ஏமாற்றிய அதே சாம்பல் கொசு, குருவி விஷயத்தில் குற்றவாளியாக நின்றது! எந்தக் கிருமிக்கு எந்தக் கொசு என்பது எவ்வளவு துல்லியமான கணக்கு, பாருங்கள்.

1898-ஆம் ஆண்டு ஜூலையில் கொசுவின் உமிழ்நீர்ச் சுரப்பியில் கிருமிகள் கூட்டமாக இருப்பதைக் கண்டார். கொசு கடிக்கும்போது உமிழ்நீரோடு கிருமியும் இறங்குகிறது. ஆரோக்கியமான 28 சிட்டுக்குருவிகளைக் கொசுக் கடிக்கு விட்டார். 22 குருவிகளுக்கு நோய் வந்தது. சங்கிலியின் கடைசிக் கண்ணியும் மாட்டியது.

அதே ஆண்டின் இறுதியில் இத்தாலியில் கிராஸி என்னும் பேராசிரியரும் அவருடைய தோழர்களும், மனிதனின் மலேரியாவை அனோபிலிஸ் கொசு பரப்புவதை முழுமையாகக் காட்டினார்கள். கிராஸி விலங்கியல் வல்லவர். எந்த ஊரில் மலேரியா உண்டு, அங்கே எந்தக் கொசு உண்டு என்று ஒப்பிட்டு ஜாதியைப் பிடித்தவர். யார் முதல் என்பதில் இருவருக்கும் பெரிய சண்டை மூண்டது. கடைசி வரை ஓயவில்லை. இருவருக்கும் பெருமை உண்டு என்பதே இன்றைய தீர்ப்பு.

இத்தாலியில் இதற்கு ஒரு பின்கதையும் நடந்தது. அனோபிலிஸ் கொசு மண்டிய சில ஊர்களில் மலேரியாவே இல்லை! காரணம் நெடுநாள் புரியவில்லை. 1926-ஆம் ஆண்டில் பல்லேரோனி என்னும் சுகாதார அதிகாரி, கொசுவின் முட்டைகளைக் கவனித்தார். பார்வைக்கு ஒன்றாகவே இருக்கும் கொசுக்கள் வேறு வேறு கோலமிட்ட முட்டைகளை இட்டன. ஒரே ஜாதி என்று நினைத்தது பல ஜாதியாகப் பிரிந்தது. சில நோய் பரப்புபவை, சில பரப்பாதவை.

புகழும் மனக்குறையும்

ராஸ் 1899-ஆம் ஆண்டில் இந்திய வேலையை விட்டு, லிவர்ப்பூல் வெப்ப மண்டல நோய் மருத்துவப் பள்ளியில் சேர்ந்தார். ஆப்பிரிக்காவில் உள்ள சியரா லியோனுக்குப் போய் அங்குள்ள அனோபிலிஸ் கொசுவிலும் கிருமியைக் கண்டார். 1902-ஆம் ஆண்டில் நோபல் பரிசு. 1911-ஆம் ஆண்டில் ஸர் பட்டம். 1910-ஆம் ஆண்டில் மலேரியாத் தடுப்பைப் பற்றிப் பெரிய நூல் எழுதினார். எல்லாக் கொசுவையும் ஒழிக்க வேண்டியதில்லை. நோய் பரப்பும் கொசுவை ஒரு அளவுக்குக் கீழே குறைத்தாலே மலேரியா தானாக அடங்கும் என்று கணக்குப் போட்டுக் காட்டினார்.

ஆனாலும் மனக்குறை அவரை விடவில்லை. சர்க்கார் தமக்குத் தக்க சன்மானம் தரவில்லை என்று புழுங்கினார். 1928-ஆம் ஆண்டில் தம் கடிதங்களையும் குறிப்புகளையும் பணத்துக்கு விற்றார். கல்கத்தாவில் அவர் வேலை செய்த ஆஸ்பத்திரியில் 1927-ஆம் ஆண்டு ஜனவரி மாதம் ஒரு நினைவு வாயில் திறந்தார்கள். ராஸே நேரில் வந்திருந்தார். 1932-ஆம் ஆண்டு செப்டம்பர் 16-ந் தேதி லண்டனில் காலமானார்.

போட்டோ பேசும் காலம்

ராஸ் கையால் வரைந்து கப்பல் தபாலில் அனுப்பினார். பதில் வர வாரக் கணக்கில் காத்திருந்தார். இன்று கைப்பேசியில் ஒரு போட்டோ எடுத்து அனுப்பினால், அது என்ன பூச்சி என்று நிமிஷத்தில் சொல்ல நிபுணர்களும் கம்ப்யூட்டர்களும் உண்டு. ஈ இனத்தைச் சேர்ந்த பூச்சிகளுக்கு இது பெரிய வசதி. கொசுவும் ஈயின் உறவுதான். மற்றப் பூச்சிகளுக்கு நான்கு சிறகு என்றால், ஈக்கும் கொசுவுக்கும் இரண்டே சிறகு. பின் சிறகு இருக்க வேண்டிய இடத்தில் மேளக் குச்சி போன்ற இரண்டு சிறு குமிழ்கள் இருக்கும். பறக்கும்போது நிலைதடுமாறாமல் காப்பவை அவை.

உலகில் சுமார் 3,500 வகைக் கொசுக்கள் உண்டு. அவற்றில் அனோபிலிஸ் ஏறக்குறைய 500. இந்தியாவில் உள்ள சுமார் 60 வகை அனோபிலிஸில் மலேரியாவை முக்கியமாகப் பரப்புபவை ஆறுதான். எதைக் குறிவைப்பது என்று தெரிந்தால் மருந்தும் மிச்சம், பணமும் மிச்சம்.

போட்டோவால் ஆகாததும் உண்டு. நம் கிராமப்புறத்தில் மலேரியா பரப்பும் அனோபிலிஸ் கியூலிசிபேசிஸ் என்பது உண்மையில் ஐந்து ஜாதி. ஐந்தும் ஒரே அச்சு. கண்ணுக்கும் தெரியாது, காமிராவுக்கும் தெரியாது. மரபணுச் சோதனைதான் பிரித்துக் காட்டும். பல்லேரோனி முட்டையில் கண்ட பாடம் இன்றும் செல்லும்.

சென்னையில் கிணற்றிலும் மாடித் தொட்டியிலும் பிறந்து மலேரியா பரப்பும் அதே ஸ்டீபென்ஸி, 2012-ஆம் ஆண்டில் கடல் கடந்து ஆப்பிரிக்காவின் ஜிபூட்டியில் தென்பட்டது. அங்கிருந்து பல நாடுகளுக்குப் பரவிவிட்டது. ஆப்பிரிக்காவின் பழைய மலேரியாக் கொசு பெரும்பாலும் நாட்டுப்புறத்தது. இந்தப் புதிய விருந்தாளி நகரத்துத் தொட்டியில் வாழ்வது. வந்ததை முதலில் அடையாளம் காண்கிறவர்கள்தான் தப்பிக்க முடியும். ராஸ் பிடித்த கொசுவை இன்று இன்னொரு கண்டம் தேடிக்கொண்டிருக்கிறது!

நம் கரைக்கும் இந்தப் பாடம் பொருந்தும். மரக்காணம் பக்கம் உப்பளம், கழிமுகம், பக்கிங்காம் கால்வாய் எல்லாம் ஒன்றாக இருக்கின்றன. மழை பெய்தால் உவர்நீரும் நன்னீரும் கலந்து குட்டை குட்டையாகத் தேங்கும். உவர்நீரையே விரும்பும் அனோபிலிஸ் வகைகளும் உண்டு. இதையெல்லாம் ஆராயத் தெற்கே புதுச்சேரியில் 1975-ஆம் ஆண்டு முதல் மத்திய சர்க்காரின் கொசு ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. கொசுக்களுக்கென்றே ஓர் அருங்காட்சியகமும் அங்கே உண்டு.

நீங்களே பார்க்கலாம்

விளக்கு வைத்த பிறகு சுவரில் கொசு உட்கார்ந்தால், அடிக்கும் முன் ஒரு கணம் பாருங்கள். முடிந்தால் பக்கவாட்டிலிருந்து ஒரு போட்டோ எடுங்கள். உடல் சுவரோடு படிந்து இருந்தால் பெரும்பாலும் கியூலெக்ஸ். காலில் வெள்ளை வளையமும் பகலில் கடிக்கும் குணமும் இருந்தால் டெங்கு பரப்பும் ஈடிஸ். வாலைத் தூக்கிச் சாய்வாக நின்று, சிறகில் புள்ளியும் இருந்தால் அனோபிலிஸ்.

தொட்டித் தண்ணீரையும் பாருங்கள். தலைகீழாகத் தொங்கும் புழு கியூலெக்ஸாகவோ ஈடிஸாகவோ இருக்கும். தண்ணீர் மட்டத்தோடு தட்டையாகப் படுத்திருக்கும் புழு அனோபிலிஸ். அப்படி ஒன்றைக் கண்டால் சுகாதார ஊழியருக்குச் சொல்லுங்கள். தொட்டியை மூடுங்கள், மூட முடியாததைக் கவிழ்த்துவிடுங்கள்.

எக்கியார்குப்பத்து வலைக்காரருக்கு மீனைப் பிரித்துப் பார்ப்பது பிழைப்பு. கொசுவைப் பிரித்துப் பார்ப்பது நம் எல்லோருக்கும் பிழைப்பு. அந்தப் பார்வையைக் கற்க ராஸுக்கு இரண்டு ஆண்டும், உசேன் கானின் ரத்தமும், எட்டு அணாவும் தேவைப்பட்டன. நமக்கு ஒரு நிமிஷம் போதும்.